ஒடிஸி: ஃபேகிள்ஸா, வில்சனா?

டிராய் போரில் 10 வருடம், ஊர் திரும்பும் வழியில் 10 வருடம். ஒடிஸியஸ் தன் ஊரான இத்தாக்கா வந்து சேரும் கதைதான் ஹோமரின் கிரேக்கக் காவியம் ஒடிஸி. அதை ஆங்கிலத்தில் படிக்க நினைப்பவர்கள் பலர் ஃபேகிள்ஸ், வில்சன் இருவரின் மொழிபெயர்ப்புகளில் எதை வாங்குவது என்று தடுமாறுகிறார்கள்.

ஆண்டு: ராபர்ட் ஃபேகிள்ஸ் 1996, எமிலி வில்சன் 2017.

நடை: ஃபேகிள்ஸின் வரிகள் நீண்டு விரியும், கடல் காட்சிகளில் முழக்கமே கேட்கும். வில்சன் வரிக்கு ஐந்து அழுத்தம் என்ற யாப்பில், மூலத்தில் எத்தனை வரிகளோ அத்தனையில் முடிக்கிறார்.

எளிமை: வில்சன்தான். அகராதி அதிகம் தேவைப்படாது.

ஒலிநூல்: ஃபேகிள்ஸுக்கு நடிகர் இயன் மெக்கெல்லன் குரல், வில்சனுக்கு நடிகை கிளேர் டேன்ஸ்.

ஆனால் என்னை உலுக்கிய வித்தியாசம் 22ஆம் காண்டத்தில் இருக்கிறது. வீடு திரும்பியவனின் மகன் டெலிமாக்கஸ் 12 அடிமைப் பெண்களைத் தூக்கிலிடுகிறான். அங்கே ஃபேகிள்ஸ் அவன் வாயில் கொச்சையான வசையை வைக்கிறார். மூலத்தில் அப்படியொரு சொல் இல்லை. வில்சன் அவர்களைப் பெண்கள் என்றே சொல்கிறார். கயிற்றில் அவர்கள் கால்கள் கொஞ்ச நேரம் துடித்து அடங்கும்போது நமக்கும் மூச்சு முட்டுகிறது.

17ஆம் காண்டத்தில், எருக்குவியலில் உண்ணி மொய்க்கக் கிடக்கும் கிழட்டு நாய் ஆர்கோஸ் எசமானை அடையாளம் கண்டு வாலாட்டிவிட்டுச் சாகும். அதை இருவருமே அருமையாகச் செய்திருக்கிறார்கள்.

சரி, எதை எடுக்கலாம்? முதல் முறை படிப்பவருக்கு வில்சன். உரக்க வாசித்துக் காவியக் கம்பீரத்தில் திளைக்க விரும்பினால் ஃபேகிள்ஸ்.