படத்திருத்தம் பழக எந்த மென்பொருள்? முகம் இருண்ட ஒரு படத்தை வைத்து ஓர் ஒப்பீடு

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவரை எடுத்த படம். ஜன்னல் வெளுத்துவிட்டது, முகம் கருத்துவிட்டது. புதிதாகப் படம் எடுப்பவர்கள் எல்லோரும் இதைச் சந்தித்திருப்பார்கள். முகத்தை மட்டும் வெளிச்சமாக்க வேண்டும், ஜன்னல் இன்னும் வெளுக்கக் கூடாது. ஒரு மென்பொருள் உங்களுக்குத் தோதாக இருக்குமா என்று பார்க்க இந்த ஒரு வேலையே போதும். கூடவே ஒரு கேள்வி: இன்று செய்த திருத்தத்தை அடுத்த மாதம் திறந்து மாற்ற முடியுமா? பழகும் காலத்தில் கண் மாறிக்கொண்டே இருக்கும். இன்று அழகாகத் தெரியும் நிறம் இரண்டு வாரத்தில் கண்ணை உறுத்தும். அதனால் இந்த ஒப்பீட்டில் வசதிகளின் எண்ணிக்கையைவிட இந்தக் கேள்விக்கே அதிக மதிப்பு.

எதை நிறுவுவதற்கும் முன் கையில் இருக்கும் படம் என்ன வகை என்று பாருங்கள். ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 வெளிச்சப் படிகள்தான். கேமராவின் 14 பிட் ரா கோப்பில், அதாவது சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பில், 16,384. இருட்டை ஏற்றும்போது ஜேபெக்கில் கன்னம் திட்டுத் திட்டாக வருவதற்குக் காரணம் இதுதான். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் இன்னும் மோசம். நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கியிருக்கும். அச்சிட அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் ஐந்தரை அங்குலம்கூடத் தேறாது. அனுப்புபவரிடம் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கணினி இல்லை, போனில் எடுத்துப் போனிலேயே முடிக்க வேண்டும் என்றால் கூகுளின் ஸ்னாப்சீடு. இலவசம். செலெக்டிவ் கருவியை எடுத்து நெற்றியில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு விரலால் விரித்துச் சுருக்கினால் திருத்தம் எதுவரை பரவும் என்பது சிவப்பாகத் தெரியும். பிறகு விரலைப் பக்கவாட்டில் இழுத்தால் வெளிச்சம் ஏறும். முப்பது, நாற்பதோடு நிறுத்துங்கள். நூறுக்கு ஏற்றினால் தோல் சாம்பல் பூத்துவிடும். இந்தக் கருவி புள்ளிக்கு அடியில் உள்ள நிறத்தை ஒத்த இடங்களைத் தேடிப்பிடிப்பதால், பக்கத்தில் உள்ள கருஞ்சட்டையும் சேர்ந்து வெளுக்கலாம். சட்டையில் இன்னொரு புள்ளி வைத்து, அதன் அளவைத் தொடாமல் விட்டால் கசிவு குறையும். படிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறந்து மாற்றலாம். ஆனால் எக்ஸ்போர்ட் செய்த பிரதியில் அந்தப் படிகள் தங்காது. பின்னணியை வெட்டி எடுப்பது, இரண்டு படத்தை இணைத்து வேலை செய்வது போன்றவற்றுக்கு இது சரிவராது.

கணினி இருக்கிறது, காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ஜிம்ப். 2.10 பதிப்பு வரை, ஒரு திருத்தத்தைச் செய்து ஓகே கொடுத்தால் அது படத்திலேயே ஊறிவிடும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் பெரும்பாலான ஃபில்டர்கள் லேயர் (படத்தின்மேல் அடுக்கும் கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு) மேல் தனியாக நிற்கின்றன. லேயர் பக்கத்தில் உள்ள எஃப்எக்ஸ் குறியைத் தொட்டு மாற்றலாம், அணைக்கலாம். பழைய பதிப்பை வைத்துப் பழகத் தொடங்காதீர்கள் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

நம் படத்துக்கு வருவோம். லேயரை நகலெடுங்கள். கலர்ஸ் மெனுவில் கர்வ்ஸ் திறந்து, கோட்டின் இடது கால்பகுதியை, அதாவது இருண்ட பகுதிகளுக்கான இடத்தை, மேலே தூக்குங்கள். முழுப்படமும் வெளுக்கும், கவலை வேண்டாம். லேயரில் எந்த இடம் தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் முகமூடிதான் மாஸ்க்: வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும். இப்போது அந்த லேயருக்குக் கறுப்பு மாஸ்க் சேர்த்தால் வெளுப்பு மறைந்துவிடும். விளிம்பு மெத்தென்ற பெரிய பிரஷ், வெள்ளை நிறம், ஒபாசிட்டி (பூச்சின் அடர்த்தி) 30. முகத்தின்மேல் இரண்டு மூன்று முறை தடவினால் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அதிகமாகிவிட்டால் கறுப்பால் தடவிக் குறைக்கலாம். முகத்தில் அப்பட்டமாக வெள்ளைப் பூச்சு விழுகிறதா? மாஸ்க்குக்குப் பதில் லேயரே தேர்வாகியிருக்கிறது. லேயர் பட்டியலில் மாஸ்க்கின் சிறு படத்தை ஒருமுறை சொடுக்கிவிட்டுத் தொடருங்கள். ஜிம்ப் பிடிக்கவில்லை என்று விட்டுப்போகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். ஒரே ஒரு சொடுக்கு.

இன்னொரு குழப்பம்: சேவ் கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் கோப்புதான் வரும், அதை ஸ்டூடியோவில் கொடுத்தால் பெரும்பாலும் திறக்காது. ஜேபெக் வேண்டுமானால் எக்ஸ்போர்ட், அதாவது கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். லேயர்களும் மாஸ்க்கும் எக்ஸ்சிஎஃப்பில்தான் இருக்கின்றன. ஜேபெக்கையே திரும்பத் திரும்பத் திறந்து சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும்.

கேமராவில் ரா எடுப்பவருக்கு ஜிம்ப் மட்டும் போதாது, ரா கோப்பை அது தானாகத் திறக்காது. அங்கே டார்க்டேபிள், அதுவும் இலவசம். இருண்ட முகத்துக்கு இதுதான் மிகச் சுத்தமான விடையைத் தருகிறது. எக்ஸ்போஷர் மாட்யூலில் வட்ட மாஸ்க் ஒன்றை முகத்தில் வைத்து, மவுஸ் சக்கரத்தால் அளவையும், ஷிஃப்ட் அழுத்திச் சக்கரத்தைச் சுழற்றி விளிம்பின் மென்மையையும் கூட்டி, வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, ஏற்றினால் வேலை முடிந்தது. மூலக்கோப்பில் எதுவும் மாறாது. திருத்தங்கள் பக்கத்திலேயே சிறு எக்ஸ்எம்பி கோப்பாக உட்காரும். சிக்கல் இரண்டு. ரா திறந்ததும் கேமராத் திரையில் பார்த்ததைவிடப் படம் மங்கலாகத் தெரியும். கேமரா தன் ஜேபெக்கில் சேர்க்கும் கான்ட்ராஸ்ட்டும் நிறமும் ராவில் இல்லை, அவ்வளவுதான். இரண்டாவது, கோப்புறையை வெளியே இருந்து இடம் மாற்றினால் டார்க்டேபிளுக்குத் தெரியாது, படத்துக்குப் பதில் மண்டையோட்டுச் சின்னம் காட்டும். இடமாற்றத்தை டார்க்டேபிளுக்கு உள்ளிருந்தே செய்யுங்கள்.

அடோபியின் லைட்ரூமும் ஃபோட்டோஷாப்பும் சந்தா. முகத்தை அதுவே கண்டுபிடித்து மாஸ்க் போடுவதில் லைட்ரூமின் வேகம் ஜிம்ப்பிலும் டார்க்டேபிளிலும் இல்லை. கல்யாணத்தில் ஆயிரம் படம் எடுத்து ஒரு வாரத்தில் கொடுக்க வேண்டியவருக்கு அந்த நேரமே பணம். மாதம் இருபது படம் திருத்துபவருக்கு அப்படியல்ல. சந்தா நின்றால் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். திருத்தம் செய்யும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். நாம் கேட்ட கேள்விக்கு இங்கே பதில், ‘பணம் கட்டும்வரை முடியும்’.

ஃபோட்டோப்பீ பிரவுசரிலேயே ஓடும், ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பைத் திறக்கும், விளம்பரம் வரும். அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ முடியாதவருக்கு நல்லது. டேபை மூடுமுன் பிஎஸ்டியாகச் சேமிக்காவிட்டால் லேயர்கள் போய்விடும். ஃபோட்டோஷாப் போன்ற இன்னொரு மென்பொருளான அஃபினிட்டியை 2024இல் கேன்வா நிறுவனம் வாங்கியது, 2025 அக்டோபர் முதல் இலவசம். கேன்வா கணக்கு மட்டும் வேண்டும்.

கணினி உள்ள புதியவர் பெரும்பாலோருக்கு எங்கள் தேர்வு ஜிம்ப் 3. மாஸ்க் என்பது கைக்கு வந்துவிட்டால் ஃபோட்டோஷாப்புக்கோ அஃபினிட்டிக்கோ மாறுவது மெனுவில் இடம் தேடும் வேலைதான். படத்தின்மேல் தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜிம்ப்பில் யூனிகோட் தமிழ் உடையாமல் வரும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் ‘கொ’ எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கும். பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்து, புதுக் கோப்பில் எழுதிப் பாருங்கள்.