குடும்பச் சுற்றுலா டி-ஷர்ட்டுக்கு டிரான்ஸ்ஃபர் பேப்பரா, டி.டி.எஃப் ஃபிலிமா?

ஆடிச் சாரலுக்குக் குற்றாலம் செல்லும்போது எங்கள் வீட்டில் ஒன்பது பேரும் ஒரே மாதிரி டி-ஷர்ட் அணிவது இரண்டு ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. முதல் முறை வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டு இஸ்திரி போடும் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் செய்தோம். அடுத்த முறை கடையில் அச்சடித்து வாங்கிய டி.டி.எஃப் (டைரக்ட் டு ஃபிலிம்) ஃபிலிமை, அதாவது பசையோடு வரும் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளை, நாங்களே சூடாக அழுத்தி ஒட்டினோம். இரண்டிலும் வாசகம் ஒன்றுதான்: ‘குற்றாலக் குளியல் கோஷ்டி’. நான் ஃபிலிமின் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மற்ற இரண்டு வழிகளை நாங்கள் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டோம். சூட்டில் ஆவியாகித் துணியில் ஏறும் சப்ளிமேஷன் மை பாலியஸ்டரில்தான் பிடிக்கும், பருத்தியில் நிற்காது. சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நாங்கள் தேடி எடுத்ததோ நல்ல பருத்தி. எழுத்து வடிவில் வெட்டி ஒட்டும் வினைல் தாள் உறுதியானதுதான், ஆனால் வெட்டும் இயந்திரம் வேண்டும். வெட்டிய பின் தேவையற்ற பகுதியை ஊசியால் உரித்தெடுக்கும்போது தமிழ் எழுத்தின் புள்ளிகளும் கூடவே வந்துவிடும். எங்கள் வாசகத்தில் மட்டும் நான்கு புள்ளிகள்.

டிரான்ஸ்ஃபர் பேப்பரின் பெரிய வசதி அவசரத்துக்கு உதவுவது. நாளை மாலை ரயில் என்றாலும் இன்றிரவு செய்து முடிக்கலாம். ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியே மாற்றிக்கொள்ளலாம். வெளிர் துணிக்கான தாளில் படத்தை இடவலம் மாற்றி அச்சிட வேண்டும், அடர் நிறத் துணிக்கான தாளில் மாற்றக் கூடாது. நான் இரண்டையும் குழப்பிக்கொண்டதில் மச்சானின் சட்டை கண்ணாடியில் பார்த்தால் மட்டும் படிக்கும்படி அமைந்தது.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது சலவைதான். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் துணி வெளுப்போர் குடியேறியதால் பெயர் பெற்ற வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்துகொண்டு, துவைத்தால் போய்விடும் சட்டையைச் செய்வது அம்மாவுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. அவர் சட்டையை உள்புறம் திருப்பி, குளிர்ந்த நீரில், மென்மையாக அலசுபவர் அல்லர்; பார் சோப் தேய்த்து, பிரஷ் போட்டு, கல்லில் இரண்டு அடி அடித்து, முறுக்கிப் பிழிந்து மொட்டை மாடி வெயிலில் போடுபவர். டிரான்ஸ்ஃபர் தாளில் எழுத்தோடு அதைச் சுற்றியுள்ள மெல்லிய படலமும் துணிக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக் கத்தரிக்க முடியாததால், வாசகம் முழுவதையும் ஒரே கட்டமாக விட்டோம். பின்னலாடைத் துணி இழுபடும், படலம் இழுபடாது. ஆகவே நான்காவது சலவையிலேயே மார்புக்குக் குறுக்கே மயிரிழை விரிசல்கள் தோன்றின. எங்கள் பிரிண்டரின் வண்ண மை நீரில் கரையும் வகை என்பதால், விரிசல் வழியே ஈரம் புகுந்து நீல எழுத்தின் ஓரம் கசியத் தொடங்கியது. நீரில் கரையாத பிக்மென்ட் மை இருந்திருந்தால் கசிவு குறைந்திருக்கும்; விரிசலை அதுவும் தடுத்திருக்காது.

டி.டி.எஃப் முறையில் ஃபிலிமின் மீது வண்ணத்தை அச்சிட்டு, அதன் மேல் வெள்ளை மை பூசி, பசைத் தூளைத் தூவி உருக்கித் தருகிறார்கள். எழுத்து இருக்கும் இடத்தில் மட்டுமே பசை இருப்பதால் சுற்றிலும் படலம் வருவதில்லை; ஒட்டும்போது வெள்ளை மை அடியில் அமைவதால் கருநீலச் சட்டையிலும் நிறம் மங்குவதில்லை. ஏறக்குறைய இரண்டடி அகல ரோலை மீட்டர் கணக்கில் விற்பதால், எங்கள் படத்தை 27 செ.மீ. அகலமும் 18 செ.மீ. உயரமும் வைத்து, குறுக்கே இரண்டு, நீளவாக்கில் ஐந்து என ஒரே மீட்டரில் பத்து அச்சுகளை அடக்கினோம். பத்தாவது, அப்பாவின் பழைய பனியனில் ஒட்டிப் பார்ப்பதற்கு. கடையில் எங்கள் தமிழ் எழுத்துரு இல்லாததால் முதலில் கொடுத்த கோப்பு வெறும் கட்டங்களாகத் திறந்தது. பின்னணி நீக்கிய படக் கோப்பாக மாற்றிக் கொடுத்த பிறகே சரியாயிற்று. புள்ளிகளைச் சற்றுப் பெரிதாக வரைவதும் நல்லது, மிகச் சிறிய புள்ளியில் பசைத் தூள் போதிய அளவு ஒட்டாது.

ஒட்டுவதற்கு வீட்டு இஸ்திரிப்பெட்டி எனக்குப் போதவில்லை. அது எடை குறைந்தது. அடியிலுள்ள நீராவித் துளைகள் பட்ட இடங்களில் சூடு சேரவில்லை. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரின் கரிப்பெட்டியோ ஆறேழு கிலோ எடை, அடிப்பாகமும் துளையின்றி வழவழப்பானது. அவர் விரல் நுனியால் நீர் தெளித்து, சீறும் சத்தத்தைக் கேட்டு, “இன்னும் கொஞ்சம் ஆறட்டும் தம்பி, இப்ப வெச்சா பொசுங்கிடும்” என்றார். கீழே மெத்தென்ற போர்வையை விலக்கிப் பலகையை வைத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, பெட்டியை நகர்த்தித் தேய்க்காமல் ஒவ்வோர் இடத்திலும் இருபது விநாடி அழுத்தினோம். எங்களுடையது ஆறிய பிறகே உரிக்க வேண்டிய ஃபிலிம்; பொறுமையின்றிச் சூட்டோடு உரித்த பனியனில் ‘கோ’வின் கொம்பு பாதி எழுந்து வந்தது. உரித்தபின் மறுபடி பத்து விநாடி அழுத்தினால் ஓரங்கள் நன்கு படிகின்றன.

ஃபிலிமுக்கும் குறை உண்டு. பெரிய புகைப்படத்தை முழுக் கட்டமாக அச்சிட்டால் காற்றுப் புகாது, சென்னைப் புழுக்கத்தில் மார்பில் பிளாஸ்டிக் ஒட்டியதுபோல் இருக்கும். எழுத்தும் கோட்டோவியமும்தான் அதற்கு ஏற்றவை. ஒரேயொரு சட்டைக்காக ஒரு மீட்டர் வாங்குவதும் வீண், அதற்கு டிரான்ஸ்ஃபர் தாளே போதும். நீடித்த உழைப்பைப் பற்றி என் அனுபவம் பதினான்கு சலவை வரைதான், அதுவும் கைச்சலவை மட்டுமே. மெயின் அருவியில் நனைந்து, தலையிலிருந்து வழிந்த எண்ணெயைப் போக்க வந்ததும் கல்லில் அடிபட்ட பிறகும், என் சட்டையில் நான்கு புள்ளிகளும் இருக்கின்றன; மச்சானுடையதில் ‘ஷ்’ஷின் புள்ளி ஓரம் மட்டும் நகத்தில் தட்டுகிறது.