கரடிப்போக்கு யப்பான் மொழி வகுப்பு: சேர் கீறும் கோட்டுக்காகவே போகலாம்

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, ஒரு வீட்டு விறாந்தையில் நடக்கும் வகுப்பு இது. பெயர்ப்பலகை கிடையாது. முதியோர் பராமரிப்பு வேலைக்கு யப்பான் போக நிற்கிற பெடியள், பெட்டையள்தான் கூட.

என்-4 என்ற யப்பான் மொழித் தேர்ச்சிச் சோதனையில் பேச்சுப் பகுதியே இல்லை. அதனால் உச்சரிப்பில் நேரம் செலவழிக்கும் வகுப்பு அருமை. இந்தச் சேர் ஒசாகாவில் வேலை செய்து வந்தவர். பலகையில் 'ஹஷி' என்று எழுதி, குரல் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று காட்ட அதற்கு மேலே கோடு கீறுவார். டோக்கியோப் பேச்சில் ஹ உயர்ந்து ஷி தாழ்ந்தால் சாப்பிடும் குச்சி. ஹ தாழ்ந்து ஷி உயர்ந்தால் பாலம், இல்லாவிட்டால் ஓரம். இந்த இரண்டையும் தனியே சொன்னால் பிரிக்க முடியாது. பின்னால் 'கா' என்ற உருபைச் சேர்க்கச் சொல்வார்: பாலத்துக்கு 'கா' கீழே விழும், ஓரத்துக்கு மேலேயே நிற்கும்.

அப்புறம் சிவப்புப் பேனையால் ஒசாகாக் கோடு. அங்கே பாலத்துக்குத்தான் ஹ உயர்ந்து ஷி தாழும், குச்சிக்கு ஷி உயரும், ஓரத்துக்கு இரண்டும் உயரம். கிட்டத்தட்டத் தலைகீழ். பாடப்புத்தக ஒலிப்பதிவு முழுக்க டோக்கியோ முறை. ஒசாகா ஆச்சி அப்படியா கதைக்கப் போகிறா?

ககோஷிமாவில் சொல் எவ்வளவு நீளமானாலும் இரண்டே வகைதானாம்: கடைசி அசை உயரும், அல்லது அதற்கு முந்தியது. இபராகி, ஃபுகுஷிமாப் பக்கம் பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்க வேறுபாடே இல்லை. "அப்ப இபராகிக்கே போவம் சேர்" என்று பின்வாங்கில் ஒரு குரல். சேரும் சிரித்துவிட்டார்.

குறை இல்லாமல் இல்லை. 'கஞ்சி' எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகளை ஓட்டமாக ஓடிவிடுகிறார். போட்டோக்கொப்பி மங்கல். ஒலிபெருக்கி இல்லாததால் கைபேசியைச் சில்வர் பேணிக்குள் வைத்துப் போடுகிறார்; சத்தம் கூடுகிறது, ஏற்ற இறக்கம் கலங்கிப்போகிறது. ஏ-9இல் லொறி போனால் அதுவும் கேட்காது. முன்வாங்கில் இடம் பிடியுங்கள்.

வீட்டுப் பயிற்சிக்கு, டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் உருவான ஓஜாட் இணைய அகராதி இலவசம். வசனத்தைப் போட்டால் மேலே கோடு கீறித் தரும், ஆனால் டோக்கியோ முறையில் மட்டும்.

சோதனை மட்டும் போதுமென்றால் வேறு வகுப்புப் பாருங்கள். ஒசாகா, கோபே, கியோட்டோப் பக்கம் வேலை சரிவந்தவர்கள் இங்கே சேரலாம். காசு மாதக் கடைசியில் கொடுத்தாலும் சேர் ஒன்றும் சொல்லமாட்டார்.