‘போர்டு போச்சு டீச்சர்’ என்றால் உடனே பணம் கட்டாதீர்கள்

லேப்டாப்பில் புது எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்) போட்ட பிறகு அடிக்கடி உறைந்து நிற்கிறதா? கடைக்காரர் ‘கெர்னல் பவர் 41’ என்று ஒரு வரியைக் காட்டி, மதர்போர்டு போய்விட்டது என்கிறாரா? முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். பினாங்கில் எனக்கு நடந்தது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பழைய லேப்டாப்பில் 256 ஜிபி நிறைந்துவிட்டதால் ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் 1 டிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி மாற்றினேன். பழைய டிஸ்கில் இருந்ததை அப்படியே புதியதில் குளோன் (முழு நகல்) செய்து கொடுத்தார்கள். கூலியோடு 390 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). வேகத்தைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் உறைய ஆரம்பித்தது. கேள்வித்தாளை மளமளவென்று தட்டச்சு செய்யும்போது ஒன்றும் ஆகாது. அடுத்த கேள்வி என்ன என்று யோசிக்கக் கையை எடுத்தால் போதும், வம்பு வந்துவிடும். மவுஸ் அம்பு நகரும். எதைக் கிளிக் செய்தாலும் திறக்காது. கொஞ்ச நேரம் கழித்து, நான் பொறுமையிழந்து கிளிக் செய்ததெல்லாம் ஒரே மூச்சில் திறந்துகொள்ளும். சில சமயம் மீளவே மீளாது; பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதுதான். சார்ஜர் செருகியிருந்தால் தொல்லை குறைவு, பேட்டரியில் ஓடினால் அதிகம்.

கடையில் முதலில் “சூடு” என்றார்கள். விளையாட்டுப் போட்டி வீடியோக்களை மொத்தமாக நகல் எடுத்தபோது, லேப்டாப் கொதித்தும் அது உறையவில்லை. சும்மா இருக்கும்போதுதான் உறைகிறது என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. விண்டோஸை மறுபடி போட்டு அதற்குத் தனியாகக் காசு வாங்கினார்கள். மாற்றமில்லை. அப்புறம்தான் ஈவென்ட் வியூவரை (கணினியில் நடப்பதை விண்டோஸ் பதிந்துவைக்கும் பட்டியல்) திறந்து, ‘கெர்னல் பவர் 41’ என்ற வரியின் சிவப்புக் குறியைக் காட்டினார்கள்.

“பாருங்க டீச்சர், கிரிட்டிக்கல்னு போட்டிருக்கு. போர்டுல பவர் லைன் போச்சு. வேற போர்டு போடணும், 1,150 ஆகும் லா.”

செக்கிங் ஃபீஸ் 80 வெள்ளி, அது திரும்ப வராதாம்.

அந்த 41 எதையும் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. கணினி முறையாக அணையாமல் மறுபடி கிளம்பியிருக்கிறது என்று விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். கரண்ட் போனாலும் வரும், பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் வரும். அதாவது, அவர்கள் ஆதாரமாகக் காட்டிய ஒவ்வொரு வரியும் என் விரல் போட்டது! தொழில் தெரிந்த எவருக்கும் இது தெரியாமல் இருக்காது என்பது என் எண்ணம்.

பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் என் சித்தி மகன் அதே பட்டியலில் கொஞ்சம் கீழே போய்ப் பார்த்தான். மஞ்சள் எச்சரிக்கைகள், எண் 129, மூலம் ‘ஸ்டோர்என்விஎம்இ’, அதாவது எஸ்எஸ்டியை இயக்கும் விண்டோஸ் டிரைவர். லேப்டாப் உறைந்த நேரமும் அவை பதிவான நேரமும் அப்படியே பொருந்தின.

“அக்கா, டிஸ்க் தூங்கிடுது. எழுப்பினா எழும்ப மாட்டேங்குது.”

வேலை இல்லாதபோது மின்சாரத்தை மிச்சப்படுத்த எஸ்எஸ்டியும் அதன் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பும் தாழ்ந்த மின்நிலைக்குப் போகும். சில எஸ்எஸ்டிகளின் ஃபர்ம்வேரும் (டிஸ்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) சில லேப்டாப்புகளின் பயாஸும் (போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) இதில் ஒத்துப்போவதில்லை. கூப்பிட்டதற்குப் பதில் வராமல் விண்டோஸ் காத்திருந்து, கடைசியில் டிஸ்கை ரீசெட் செய்கிறது. அந்த ரீசெட்தான் 129. விண்டோஸின் ‘பேலன்ஸ்டு’ திட்டத்தில் பேட்டரியில் இருக்கும்போது இந்தச் சிக்கனம் உச்சத்தில் இருக்கும், சார்ஜரில் மிதமாக இருக்கும். என் தொல்லையும் அதே மாதிரிதானே ஏறி இறங்கியது?

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், பிசிஐ எக்ஸ்பிரஸ். அதற்குள் ‘லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்’ என்பதை பேட்டரி, சார்ஜர் இரண்டு நிலைக்கும் ‘ஆஃப்’ செய்தான். உறைவது நின்றது. (சில புது லேப்டாப்புகளில் இந்த வரியே கண்ணில் படாது.) பிறகு கோப்புகளுக்கு பேக்கப் எடுத்துக்கொண்டு, எஸ்எஸ்டி தயாரிப்பாளரின் இலவச மென்பொருள் வழியாக ஃபர்ம்வேரைப் புதுப்பித்தான். பேட்டரி முன்பைவிடச் சற்றுச் சீக்கிரம் இறங்குகிறது, பரவாயில்லை. போர்டு அதே பழைய போர்டுதான்.

129 வந்தாலே காரணம் இதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எஸ்எஸ்டியே பழுதாக இருக்கலாம், சரியாகப் பொருத்தாமலும் இருக்கலாம். ஆனால் எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது புதிதாக மாட்டிய பொருளைத்தானே?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கல்லாவில் ஒட்டியிருந்த ‘பணம் திருப்பித் தரப்படாது’ அட்டையை நோக்கிக் கை நீட்டினார்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்யும் வேலையில் நியாயமான கவனமும் திறமையும் இருக்க வேண்டும். அட்டை ஒட்டி அந்த உரிமையைப் பறிக்க முடியாது. மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வைக்க முடியாது, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும்.

ரசீதை ஒழுங்காகக் கேட்டு வாங்குங்கள். எனக்குக் கொடுத்ததில் ‘1 டிபி, செர்விஸ்’ என்று கையால் எழுதியிருந்தது. பிராண்டும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை. நல்ல வேளை, மதர்போர்டு பழுது என்று அவர்களே கடை முத்திரையோடு எழுதிக் கொடுத்த 1,150 வெள்ளி கொட்டேஷன் கையில் இருந்தது. மனுவோடு அதைத்தான் இணைத்திருக்கிறேன்.