தொடர்ந்து வாசிப்பதா, மாற்றி மாற்றி வாசிப்பதா?

கடினமான ஒரு பகுதியைக் கைக்குள் கொண்டுவர வாத்தியம் வாசிப்பவர்கள் பெரும்பாலும் நம்புவது, பிசகின்றி வரும்வரை அதையே திரும்பத் திரும்ப வாசிக்கும் முறையைத்தான். இதற்குப் போட்டியாக நிற்பது, மூன்று நான்கு பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களே தங்கி, சுழற்சியாக மாறிக்கொண்டே இருக்கும் முறை. முன்னதைத் தொடர் முறை என்றும் பின்னதைக் கலப்பு முறை என்றும் இங்கே அழைக்கிறேன்.

பயிற்சி நடக்கும் நேரத்தை மட்டும் வைத்து அளந்தால் தொடர் முறையே வெல்லும். முப்பதாவது முறையில் விரல்கள் தாமாகவே ஓடும். பாடம் ஏறிவிட்டது என்ற நிறைவும் வரும். மறுநாள் காலையில் அதே நான்கு வரிகளில் விரல் தடுமாறும்போதுதான், முந்தைய மாலையின் நிறைவு எவ்வளவு பொய்யானது என்பது தெரியும். எனக்கு இது பல முறை நேர்ந்திருக்கிறது.

1979-இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று கை அசைவுகளைக் கற்பித்துப் பார்த்த சோதனை இதைத் தெளிவாக்கியது. கலந்து பழகியவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினார்கள். ஆனால் 10 நிமிடங்களுக்குப் பிறகும் 10 நாட்களுக்குப் பிறகும் நினைவைச் சோதித்தபோது அவர்களே முந்தினார்கள். காரணமாகச் சொல்லப்படுவது இதுதான்: ஒரே பகுதியில் இருக்கும்வரை அசைவுத் திட்டம் மூளையின் தற்காலிக நினைவிலேயே தயாராகக் கிடக்கிறது, வேறொன்றுக்குப் போய்த் திரும்பினால், அதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பே கற்றலை ஆழப்படுத்துகிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் 10 கிளாரினெட் கலைஞர்கள் சில பகுதிகளை 12 நிமிடம் ஒரே மூச்சிலும், வேறு சிலவற்றை 3 நிமிடத் துண்டுகளாக மாற்றி மாற்றியும் பழகினார்கள். மறுநாள் வாசிப்பில் பெரும்பாலும் கலப்பு முறைக்கே நல்ல மதிப்பெண் கிடைத்தது. மொத்த நேரம் இரண்டிலும் ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எனினும் தொடர் முறையை முற்றிலும் ஒதுக்குவது தவறு. எந்த விரல் எங்கே என்று முடிவாகாத புதிய பாடத்தில், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறினால் எதுவுமே உருப்பெறாது. தவறின்றி மெதுவாக வாசிக்க முடிகிற நிலை வரும்வரை ஓரிடத்தில் நின்று பழகுவதும், அதன் பிறகு கலப்புக்கு மாறுவதுமே என் தேர்வு. நேரம் முடிந்த மணி அடித்ததும் பாதி வரியில் விட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போவது எரிச்சலூட்டும்தான். அந்த எரிச்சலைத் தாங்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

எத்தனை முறை வாசித்தோம் என்பதைவிடப் பிழையை எப்படிக் கையாண்டோம் என்பது முக்கியம். ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய முதல் கான்செர்ட்டோவிலிருந்து ஒரு சிறு பகுதியை 17 பியானோ மாணவர்கள் கற்ற 2009-ஆம் ஆண்டு ஆய்வில், மறுநாள் சிறந்து வாசித்தவர்கள் அதிக நேரம் உழைத்தவர்கள் அல்லர். தவறு எங்கே நிகழ்கிறது என்று துல்லியமாகக் கண்டு, வேகத்தைக் குறைத்து, அந்த இடத்தைச் சரிசெய்த பிறகே மேலே போனவர்கள் அவர்கள். பிழையைத் தாண்டி ஓடியபடி முப்பது முறை வாசிப்பவர், அந்தப் பிழையையும் சேர்த்தே மனப்பாடம் செய்கிறார்.

வாத்தியத்தைத் தொடாமல் மனத்துக்குள் வாசிக்கும் வழியும் ஒன்று உண்டு. 1995-இல் நரம்பியல் ஆய்வாளர் பாஸ்குவல்-லியோனியின் குழுவினர் 5 நாட்கள், நாளுக்கு 2 மணி நேரம் என்று ஐந்து விரல் பயிற்சியைச் சோதித்தபோது, கற்பனையில் மட்டும் வாசித்தவர்களின் மூளையிலும் விரல்களை இயக்கும் பகுதி விரிந்திருந்தது. ஆனால் ஐந்தாம் நாளில் அவர்கள் எட்டியது, உண்மையில் வாசித்தவர்கள் மூன்றாம் நாளில் எட்டிய நிலையைத்தான். ஆகவே இதைக் கைப்பயிற்சிக்கு மாற்றாகக் கொள்ள முடியாது. கை களைத்த பிறகான நேரத்துக்கு இது பொருந்தும்.

கச்சேரி நெருங்கும் வாரத்தில் கலப்பு முறைக்கு இன்னொரு பயன் கூடுகிறது. மேடையில் முப்பதாவது முறை என்று ஒன்று இல்லை. வேறு ஏதோ வேலையில் இருக்கும்போது எழுந்து வந்து, விரல்களைச் சூடேற்றாமல், கடினமான பகுதியை ஒரே ஒரு முறை வாசித்துப் பதிவு செய்துவிட்டு நகர்ந்துவிடலாம். நாளுக்கு நான்கைந்து முறை இப்படிச் செய்தால், எந்த வரி இன்னும் கைக்கு வரவில்லை என்பதை அந்தப் பதிவுகளே காட்டிவிடும்.