ஒரு நிமிடக் குரலுக்கு அலெக்சா ஃபிளாஷ் பிரீஃபிங்: எது நடக்கும், எங்கே மாட்டும்

காலையில் அடுப்படியில் கை வேலையாக இருக்கும்போது அமேசானின் குரல் உதவியாளரிடம் "அலெக்சா, வாட்ஸ் மை ஃபிளாஷ் பிரீஃபிங்?" என்று கேட்டால் வரிசையாக ஓடும் சிறு ஒலித்துண்டுகள்தான் இந்தச் சேவை. பெரிய செய்தி நிறுவனங்களின் துண்டுகள் ஓடும் அதே வரிசையில் ஒரு தனி ஆளின் பேச்சும் ஓடலாம். அதற்கு அமேசான் காசு வாங்குவதில்லை. வரிச் சட்டம் சொல்லும் ஆடிட்டர், மாடித்தோட்ட ஆலோசகர், ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவர் என்று தினம் ஒரு உருப்படியான விஷயம் கையில் இருப்பவருக்கு இது பொருந்தும். முதல் நூறு பேரையே இங்கிருந்து பிடித்துவிடலாம் என்று நினைப்பவருக்குப் பொருந்தாது. ஸ்கில் (அலெக்சாவில் சேர்த்துக்கொள்ளும் சிறு செயலி) கடையில் தேடிப் பார்த்து வருகிறவர்கள் மிகக் குறைவு. யூடியூபிலோ வாட்ஸ்அப்பிலோ ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்களின் காலை வேளைக்குள் போய்ச் சேரத்தான் இது உதவும்.

தமிழில் செய்ய நினைப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அலெக்சா பேசும் எக்கோ ஸ்பீக்கர் 2017 இல் இந்தியாவுக்கு வந்தது, அலெக்சா 2019 இல் இந்தி பேசத் தொடங்கியது. அந்த வரிசையில் தமிழ் இல்லை. அதனால் எழுத்தாகக் கொடுத்து அலெக்சாவைப் படிக்கச் சொல்லும் வகை நமக்கு உதவாது. நீங்களே பேசிப் பதிவு செய்த எம்பி3 கோப்பு தடையில்லாமல் ஓடும், ஏனென்றால் உள்ளே என்ன மொழி என்று ஸ்பீக்கர் பார்ப்பதில்லை. சொந்தக் குரலில் பெயர் எடுக்க வருகிறவருக்கு இது ஒருவகையில் நல்லதும்கூட.

அமைப்பது அரைநாள் வேலை. அமேசானின் டெவலப்பர் கன்சோலில் இலவசக் கணக்கு திறந்து, புது ஸ்கில் உருவாக்கி, மொழியாக இந்திய ஆங்கிலத்தையும் வகையாக ஃபிளாஷ் பிரீஃபிங்கையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ஃபீட் (புதுத் துண்டுகளின் பட்டியல் இருக்கும் கோப்பு) சேர்க்கும் பக்கம். அதில் முன்னுரைச் சொற்றொடர், பெயர், எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிப்பீர்கள், ஒலியா எழுத்தா, எந்தத் துறை, ஃபீடின் முகவரி, 512க்கு 512 அளவில் ஒரு படம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். கடைப் பக்கத்துக்கு 108க்கு 108 அளவில் ஒரு சின்னப் படமும் தேவை. ஃபீட் ஆர்எஸ்எஸ் வடிவிலும் இருக்கலாம், ஜேசன் வடிவிலும் இருக்கலாம். பாட்காஸ்ட் ஹோஸ்டிங் வைத்திருப்பவர்கள் அங்கேயே இதற்கென்று தனியாக ஒரு ஆர்எஸ்எஸ் திறந்துகொள்வதே சுலபம். நாற்பது நிமிடப் பேட்டிகள் இருக்கும் பழைய ஃபீடை அப்படியே இங்கே கொடுத்துவிடாதீர்கள். ஒரு துண்டுக்கு உச்சவரம்பு 10 நிமிடம்.

இனி மாட்டும் இடங்கள். முதலாவது தேதி. ஏழு நாளுக்கு மேல் பழையதான துண்டை அலெக்சா எடுக்காது. வாரம் ஒன்று வெளியிடுகிறவர் திங்கள் காலை 6 மணிக்கு வைத்திருந்து, அடுத்த வாரம் 9 மணிக்குத் தாமதித்தால், இடைப்பட்ட மூன்று மணி நேரமும் அவர் குரல் வரிசையில் இருக்காது. அதுவே கேட்பவர் ஸ்பீக்கர் முன்னால் நிற்கும் நேரம். அதனால் தினமும் செய்யுங்கள். முடியாவிட்டால் வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்யுங்கள். ஜேசன் கையால் எழுதுகிறவர்கள் நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், கொடுக்க வேண்டும். நம் காலை 6 மணி என்பது அங்கே 00:30. அப்படியே 06:00 என்று எழுதிவிட்டால் அது நமக்கு முற்பகல் 11:30 ஆகிவிடும். காலை 5 மணிக்கு வெளியிடுவதாக இருந்தால் யூடிசியில் முந்தைய நாள் 23:30 என்று எழுத வேண்டும். தேதியே மாறுகிறது, கவனம்.

இரண்டாவது முகவரி. ஃபீடும் ஒலிக்கோப்பும் எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் பாதுகாப்பான முகவரியிலிருந்துதான் வரவேண்டும். ஃபீடின் முகவரி சரியாக இருக்கும், ஆனால் உள்ளே எம்பி3 முகவரி மட்டும் பழைய எச்டிடிபி ஆக இருக்கும். கேட்பு எண்ணிக்கைக்காக நடுவில் வைத்த திசைமாற்றி முகவரியும் இப்படிக் காலை வாரும். ஒரு ஃபீடிலிருந்து ஐந்து துண்டுகள் வரைதான் எடுக்கப்படும். தினசரி நிகழ்ச்சிக்கு ஒன்றே ஒன்றை வைப்பது மேல். ஐந்தையும் வைத்தால் ஒரே ஆள் ஐந்து முறை பேசுவதைக் கேட்டுச் சலித்து, "நெக்ஸ்ட்" சொல்லும் பழக்கம் வந்துவிடும்.

மூன்றாவது பெயர். தமிழர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான், நேரம் செலவழிக்க வேண்டிய இடமும் இதுதான். திரையில் பெயர் தவறாக அடித்தாலும் தேடல் திருத்திக் கொடுக்கும். குரலில் அலெக்சா கேட்டது எதுவோ அதுதான் உங்கள் பெயர். ழகரத்துக்கு நாம் போடும் இசட்-எச் எழுத்துகளை ஆங்கிலக் குரல் 'ஸ' போல உரசிவிட்டுப் போகும். ற-ர, ண-ன வேறுபாடுகள் அதன் காதுக்கு எட்டாது. குறில் நெடிலில் பொருள் மாறும் சொற்களும் வேண்டாம். இரண்டு அல்லது மூன்று அசையுள்ள இரண்டு சொற்களை எடுத்து, வெவ்வேறு ஊர்ப் பேச்சுள்ள பத்துப் பேரை ஸ்பீக்கர் முன்னால் சொல்ல வையுங்கள். பிறகு அலெக்சா செயலியில் தனியுரிமைப் பகுதியில் உள்ள குரல் வரலாற்றைத் திறந்து, அது எழுதி வைத்திருப்பதைப் படியுங்கள். எட்டுப் பேருக்காவது ஒரே மாதிரி விழவில்லை என்றால் பெயரை மாற்றுங்கள். உங்கள் சொந்தப் பெயரே தடுமாறினால் பெயரோடு தொழிலை ஆங்கிலத்தில் சேர்க்கலாம்: 'டாக்ஸ்', 'கார்டன்' போன்ற சொற்கள் தவறாமல் விழும்.

முன்னுரைச் சொற்றொடர் தனிப் பெட்டி என்பது இதில் ஒரு வசதி. 'இன்' அல்லது 'ஃப்ரம்' என்று தொடங்கும் அந்த வரியை உங்கள் ஒலிக்கு முன்னால் அலெக்சாவே சொல்லும். கடையில் தெரியும் பெயரின் எழுத்துக்கூட்டு வேறாக இருந்தாலும், இங்கே உச்சரிப்பு சரியாக வரும்படி ஆங்கில எழுத்துகளை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அலெக்சா ஏற்கெனவே பெயர் சொல்லிவிடுவதால், பதிவின் தொடக்கத்தில் "வணக்கம், நான் இன்னார்" என்பதும் பத்து விநாடி இசையும் வேண்டாம். அறுபது விநாடிப் பேச்சில் பத்து விநாடி ஆறில் ஒரு பங்கு. அதையும் தினமும் கேட்க வைப்பது கேட்பவருக்கு இழைக்கும் அநியாயம்.

ஒலி அளவுக்கு அமேசான் கேட்பது சராசரி மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு), உச்சம் மைனஸ் 2 டெசிபல். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் லவுட்னெஸ் நார்மலைசேஷன் என்ற கருவியில் மைனஸ் 14 என்று கொடுத்து, பின் லிமிட்டரில் உச்சத்தைக் கட்டினால் போதும். இதைச் செய்யாதவரின் குரல் செய்தி நிறுவனத் துண்டுக்குப் பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். ஃபேன், ஏசி நிறுத்திய அறை, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மைக், 80 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டு. சின்ன ஸ்பீக்கரில் அந்த அடிக்குரல் எப்படியும் கேட்காது. நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்துக்குத் தமிழில் நூறு சொல் சுற்றளவில் வரும். எழுதும்போதே எண்ணிக்கொள்ளுங்கள்.

செலவு? ஒலிக்கோப்பு இருக்கும் இடத்திலிருந்து போகும் டேட்டாவைக் கணக்கிடுங்கள். 128 கேபிபிஎஸ் வேகத்தில் ஒரு நிமிடம் ஒரு எம்பிக்குச் சற்றுக் குறைவு. ஆயிரம் பேர் மாதம் முழுக்கத் தினமும் கேட்டால் 29 ஜிபி போல ஆகும்.

குறை என்று சொன்னால், கேட்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. எண்ணிக்கை கிடைக்கும், பெயரோ மின்னஞ்சலோ கிடைக்காது. பதில் பேசவும் வழியில்லை. ஜேசனில் கொடுக்கும் இணைப்பு அலெக்சா செயலியில் 'மேலும் படிக்க' என்று நிற்கும், அவ்வளவுதான். அதனால் எழுத்துக்கூட்டாமலே தட்டச்சு செய்யக்கூடிய ஒரு சொந்த டொமைனை வாங்கி, அதைப் பேச்சின் கடைசி வரியாக வையுங்கள். மூலக் கோப்புகளும் ஃபீடும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். கூகுள் அசிஸ்டன்ட்டுக்காகப் பலர் உழைத்துக் கட்டிய உரையாடல் செயலிகள் எல்லாம் 2023 ஜூன் 13 அன்று ஒரே நாளில் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு கூகுள் பாட்காஸ்ட்ஸும் போனது. அன்று சொந்த ஆர்எஸ்எஸ் வைத்திருந்த பாட்காஸ்ட்காரர்கள் அடுத்த செயலிக்கு முகவரியைக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

ஸ்கில் வெளியானதும் உங்கள் ஆட்களுக்கு வெறும் இணைப்பை அனுப்பாதீர்கள். படிப்படியாக எழுதுங்கள்: இணைப்பைத் தொட்டு ஸ்கிலை இயக்கவும், அலெக்சா செயலியின் அமைப்புகளில் ஃபிளாஷ் பிரீஃபிங்கைத் திறக்கவும், எங்கள் பெயரைப் பிடித்து வரிசையின் மேலே இழுத்துவிடவும். மூன்றாவது வரியை விட்டுவிட்டால், நாலு செய்தித் துண்டுகள் ஓடி முடிவதற்குள் சாம்பார் இறங்கி, "அலெக்சா, ஸ்டாப்" என்று சொல்லியிருப்பார்கள்.