பல்லிக்கு நான் கட்டிய 22,500 ரூபாய்

வீட்டில் திருட்டு அலாரம் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். நான் ஏமாந்தது ஒரு நாளில் இல்லை, தவணை முறையில்.

நங்கநல்லூரில் தனி வீடு, நாங்கள் இரண்டு பேர்தான். கத்திரி ஆரம்பித்த வாரம், ராத்திரி ரெண்டே முக்காலுக்குச் சைரன் அலறியது. டார்ச்சும் கைத்தடியுமாக ஹாலுக்கு ஓடிவந்தால் ஒரு ஈ காக்கா இல்லை. பூட்டு பூட்டினபடி, ஜன்னல் சாத்தினபடி. அந்த வாரத்திலேயே நாலு தடவை இப்படி. சைரன் அடித்தால் அலாரத்தை இயக்கும் பெட்டியான பேனலிலிருந்து தானாகப் போன் போகிற நம்பர்களில் ஒன்று தாம்பரத்தில் இருக்கும் என் சகலையுடையது. முதல் தடவை மனுஷன் ஹெல்மெட்டோடு வாசலில் வந்து நின்றார். மூன்றாவது தடவைக்கு அப்புறம் ராத்திரியில் போனை ஆஃப் பண்ணிவிட்டுத்தான் படுக்கிறார். எதிர்வீட்டு மாமி, "நேத்தும் உங்காத்துல சங்கு ஊதிடுத்தே" என்று விசாரித்ததை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

அலாரம் மாட்டிக்கொடுத்த கம்பெனியையே கூப்பிட்டேன். (புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.) ஒரு பையன் வந்தான். பேனல் பக்கமே போகவில்லை. ஸ்டூல் போட்டு ஏறினான், "சென்சார் போயிடுச்சு சார்" என்றான். புதுசு மாட்டியதற்கு 3,200. இறங்கும்போது, "வெயிலுக்கு இது மந்தமாயிடும், அதனால சென்சிட்டிவிட்டியை ஃபுல்லா வெச்சிருக்கேன்" என்று உபகாரம் செய்தமாதிரி சொன்னான். மூன்றாம் நாள் மறுபடி சைரன். அடுத்து சீனியர் ஒருவர் வந்தார். "வோல்டேஜ் ஏறி இறங்குதுல்ல, போர்டு அடிவாங்கியிருக்கு." புது பேனல், புது பேட்டரி சேர்த்து 14,500. பழைய பேனலை ஸ்கிராப் என்று பையில் போட்டுக்கொண்டார். கையோடு வருஷ மெயின்டனன்ஸ் 4,800. கட்டினேன். தூக்கமில்லாதவன் எதற்கும் தலையாட்டுவான்.

அதற்கப்புறமும் அடித்தது.

கடைசியில் எங்கள் தெரு எலக்ட்ரீஷியனிடம் புலம்பினேன். ஒரு காலத்தில் பேங்க் கிளைகளுக்கு அலாரம் வயரிங் போட்டவர். அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்த ஜோன் சார் அடிச்சுது?" முழித்தேன். ஜோன் என்றால் எந்த இடத்து சென்சார் என்று அர்த்தமாம். ஒவ்வொரு தடவை அலாரம் அடிக்கும்போதும் என்ன தேதி, எத்தனை மணி, எந்த ஜோன் என்று பேனல் தனக்குள் குறித்து வைக்குமாம். வந்த இரண்டு பேரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பழைய பேனலோடு முதல் வாரக் குறிப்பு முழுவதும் போய்விட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

புது பேனலில் ஐந்து குறிப்பு. மூன்று, ஹால் சென்சார், எல்லாமே ராத்திரி ஒன்றிலிருந்து மூன்றுக்குள். மற்ற இரண்டும் கரண்ட் போன கொஞ்ச நேரத்தில். "வியாதி ரெண்டு சார்" என்றார்.

ஹால் சென்சாருக்கு நேர் கீழே நைட் லேம்ப். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். இந்த சென்சார் கேமரா இல்லை. உடம்புச் சூடு சுவரின் சூட்டிலிருந்து மாறுபட்டு நகர்வதைத்தான் பார்க்கிறது. லென்ஸ் மேலேயே பல்லி ஊர்ந்தால் அதற்கு அது யானை. வயர் நுழைகிற பின்பக்க ஓட்டையையும் அடைக்காமல் விட்டிருந்தான், உள்ளே எறும்பு. பையன் சொன்ன வெயில் விஷயம் பொய்யில்லை. சுவரும் உடம்பும் ஒரே சூட்டுக்கு வரும்போது சென்சார் தடுமாறும்தான். ஆனால் அதற்காக அவன் செய்த வேலை இருக்கிறதே! உள்ளே செட்டிங் மாற்றுகிற குட்டி ஜம்பரை ஒரே பல்ஸில் வைத்துவிட்டான். அதாவது, ஒரு அசைவு போதும், ஊரைக் கூட்டிவிடும். இரண்டு பல்ஸில் வைத்தால் தொடர்ந்து நடமாட்டம் இருந்தால்தான் அடிக்கும். கட்டணம் வாங்கிக்கொண்டு வியாதியை முற்றவைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

இரண்டாவது வியாதிதான் வயிற்றெரிச்சல். மெயினை ஆஃப் பண்ணி மீட்டரை வைத்தார். பத்தே நிமிஷத்தில் 12 வோல்ட் பேட்டரி 10-க்குக் கீழே இறங்கியது. அந்த அளவுக்கு வோல்டேஜ் விழுந்தால் சென்சார்கள் தானாக விட்டுவிட்டு வேலை செய்யும், பேனல் அதைத் திருட்டு என்று எடுத்துக்கொள்ளும். பேட்டரியை வெளியே எடுத்துத் திருப்பினால், பக்கவாட்டில் கறுப்பு மார்க்கரில் 12-6-2021. என் கையெழுத்து! அலாரம் வைத்த அன்று நானே எழுதியது. இந்த மாதிரி பேட்டரி நன்றாக உழைத்தால் மூன்றிலிருந்து ஐந்து வருஷம், நம்ம ஊர் சூட்டில் அதற்கும் குறைச்சல். அதையே புதுப் பெட்டிக்குள் வைத்துப் புதுசு என்று பில் போட்டிருக்கிறார்கள்.

ஓட்டைக்கு சிலிகான் அடைத்து, ஜம்பரை மாற்றி, நைட் லேம்ப்பை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனார். பேட்டரி நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் வாங்கியது, 1,150. அவர் வாங்கிக்கொண்டது 300 ரூபாயும் ஒரு காபியும். நாற்பது நாளாகச் சைரன் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு கொக்கியும் இருக்கிறது. பேனலின் உள் செட்டிங்கைத் தொட இன்ஸ்டாலர் கோடு என்ற ரகசிய எண் வேண்டும். கேட்டால் "கம்பெனி பாலிசி சார், குடுக்க மாட்டோம்" என்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குச் சாவி அவர்களிடம். வேறு யாரையும் வைத்து நாம் சரிசெய்துவிடக் கூடாது என்பதுதான் அந்தப் பாலிசி. புதிதாக வைக்கிறவர்கள் அந்த ரகசிய எண்ணைப் பில்லிலேயே எழுதி வாங்கிவிட்டுக் கடைசித் தவணையைக் கொடுங்கள். பேட்டரியில் தேதி எழுத ஒரு மார்க்கரும் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றுகிற எந்தப் பொருளையும், உடைசல் ஆனாலும், வீட்டை விட்டு அனுப்பாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். பேட்டரி போட்டோ, பில் இரண்டும் கொடுத்தாயிற்று. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

நேற்று கம்பெனியிலிருந்து போன். புது பேட்டரி கொண்டுவந்து வைக்கிறார்களாம், புகாரை வாபஸ் வாங்க வேண்டுமாம். "வாங்க, வரும்போது என் பழைய பேனலையும் எடுத்துட்டு வாங்க" என்றேன். "செக் பண்ணிச் சொல்றோம் சார்" என்று வைத்தவர்கள்தான்.